வகுப்பறையிலிருந்து எழுத்தறிவு ஆய்வுக்கு: ரொறன்ரோவில் கலாநிதிப் படிப்பு

ரொறன்ரோ, பீல் பகுதி ஆரம்பப் பள்ளிகளில் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர்கள் சிலர் அடிக்கடி என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எழுத்தறிவுக் கல்வியில் கலாநிதிப் பட்டம் செய்து பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப் போகலாமா, அதற்காக இப்போதே வகுப்பை விட வேண்டுமா? தாராளமாகப் போகலாம். ஆனால் அவசரப்பட்டு வகுப்பை விடாதீர்கள். இந்தத் துறையில் சின்னப் பிள்ளைகளோடு கழித்த வருடங்கள்தான் உங்கள் கையிருப்பு. ஒன்ராறியோவில் 2015இல் ஆசிரியர் பயிற்சி நான்கு தவணைகளாக நீண்டது. அங்கே வாசிப்புப் பாடம் நடத்த வருபவர் தரம் 1 பிள்ளைகளை வாசிக்க வைத்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று பயிற்சி பெறும் ஆசிரியர்களும் எதிர்பார்ப்பார்கள், வேலைக்கு எடுக்கும் குழுவும் எதிர்பார்க்கும்.

வகுப்பில் இருக்கும்போதே செய்யக்கூடிய பெரிய வேலை, உங்கள் கேள்வியைக் கண்டுபிடிப்பது. "பல்பண்பாட்டு வகுப்பறைகளில் எழுத்தறிவு" என்று விண்ணப்பத்தில் எழுதினால் தலைப்பு மட்டும்தான் வந்திருக்கிறது, கேள்வி இன்னும் வரவில்லை. என்னுடைய கேள்வி ஒரு தரம் 2 வகுப்பில் கிடைத்தது. தமிழ், உருது, அரபு, தகாலொக் என்று வீட்டு மொழிகள் நிறைந்த வகுப்பு அது. இடைவேளையில் ஆங்கிலத்தில் ஓயாமல் கதைக்கும் ஒரு பையன், அறிவியல் பந்தி ஒன்றைக் கையில் கொடுத்தால் மௌனமாகிவிடுவான். அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற பேச்சு எழுந்தது. இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1981இல் ரொறன்ரோக் கல்விச்சபையின் தரவுகளை வைத்துக் காட்டியது இதைத்தான்: புதிதாக வந்த பிள்ளைகள் பேச்சு ஆங்கிலத்தை இரண்டு வருடமளவில் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் பாடப்புத்தக ஆங்கிலத்தில் வகுப்புத் தோழர்களை எட்ட ஐந்திலிருந்து ஏழு வருடம் வரை ஆகலாம். அதற்கு மேல் நான் அறிய விரும்பியது வேறு. அந்தப் பந்தியைப் பற்றி முதலில் அம்மாவோடு தமிழில் கதைத்துவிட்டு வந்தால், அடுத்த நாள் அவன் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி மாறும்? இப்படி ஒரு பிள்ளையின் முகத்தோடு வரும் கேள்வி நாலைந்து வருடப் படிப்பைத் தாங்கும். தினமும் பள்ளி விட்டபின் பத்து நிமிடம் குறிப்பெழுதுங்கள். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தைத் தனியாக வையுங்கள்.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்பார்வையாளராக வரக்கூடியவரின் அண்மைக் கட்டுரைகளை வாசித்த பிறகே அவருக்கு எழுதுங்கள். மின்னஞ்சல் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. புலமைப்பரிசில் வேலைகள் இலையுதிர் காலத்திலேயே சூடுபிடித்துவிடும், ஆகவே பரிந்துரைக் கடிதங்களைக் கோடையிலேயே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனபின் பலரையும் பயமுறுத்துவது கொம்ப்ஸ் என்று எல்லோரும் சொல்லும் விரிவான பரீட்சை. நீண்ட வாசிப்புப் பட்டியல் ஒன்று, அதிலிருந்து கேள்விகள், குறித்த காலத்துக்குள் கட்டுரைகள், பிறகு வாய்மொழித் தேர்வு. விவரங்கள் இடத்துக்கிடம் மாறும். எனக்கு உதவிய முறை, ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதுவது: யாருடைய பிள்ளைகள், எதை ஆதாரமாக எடுத்தார்கள், என் வகுப்பில் இதை எங்கே காண்பேன். உதாரணமாக, ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட, அமெரிக்காவின் கரோலினாப் பகுதி பற்றிய ஆய்வு. தனக்கே பதில் தெரிந்த கேள்வியை ஆசிரியர் கேட்பது, "இது என்ன நிறம்?" என்பதைப் போல, அங்கிருந்த கறுப்பினத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஒன்று. அவர்கள் பேசாமல் இருந்ததைப் பள்ளி அறியாமை என்று எடுத்துக்கொண்டது. இதை வாசித்தபின் வகுப்பில் நான் கேட்கும் கேள்விகளையே எண்ணத் தொடங்கினேன். லூயிஸ் மோலும் கூட்டாளிகளும் 1992இல் அரிசோனாவின் டூசானிலிருந்து எழுதியதும் அப்படித்தான். அங்கே ஆசிரியர்களே ஆய்வாளர்களாக மெக்சிக்கோ வழிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், விவசாயம், கட்டட வேலை, மருந்து மூலிகை என்று அங்கே கிடந்த அறிவை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் முன்வைத்த, பிள்ளைகளின் பண்பாட்டோடு இயைந்த கற்பித்தல் என்ற கோட்பாட்டை 'பண்பாட்டு விழாக் கொண்டாடுவது' என்று சுருக்கி எழுதினால் தேர்வாளர் கட்டாயம் பிடிப்பார். கல்வி அடைவும் சமூகத்தை விமர்சனத்தோடு பார்க்கும் திறனும் அதில் பண்பாட்டுத் திறனுக்குச் சமமாக நிற்கின்றன.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பண்பாடு, அடையாளம் என்று படிக்க வருகிறவர்களில் சிலர், எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கப் பழக்கும் எழுத்தொலிப் பயிற்சியை வேறு யாருடையவோ வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2022இல் வெளியிட்ட வாசிப்புரிமை அறிக்கை, பள்ளிகள் பிள்ளைகளுக்குச் சொற்களை ஒலிகூட்டி வாசிக்க முறையாகக் கற்பிக்கவில்லை என்று சொன்னது. 2023இல் மொழிப் பாடத்திட்டமே மாறியது. வாசிக்கத் தெரியாமல் தரம் 3 போகும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு நாம் மறுப்பதும் ஓர் உரிமைதான். அதே சமயம், ஒலி கற்பிக்கிறோம் என்று வீட்டு மொழியை வாசலில் நிறுத்திவிடுவதும் நியாயமில்லை. மிசிசாகாவின் தோர்ன்வுட் பள்ளியில் 2000களின் தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகள் பெற்றோர் உதவியோடு ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் கதைப்புத்தகங்கள் செய்தார்கள். அந்த வேலையும் ஒலிப் பயிற்சியும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை. இரண்டையும் தெரிந்த ஆய்வாளர் நமக்கு நிறையத் தேவை.

அடுத்தது அனுமதி. கூடுதல் நேரம் எடுப்பது இதுதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒன்று, கல்விச்சபையின் ஆய்வுக் குழு இன்னொன்று. இரண்டும் சரியென்ற பிறகு அதிபர், ஆசிரியர், பெற்றோர், கடைசியாகப் பிள்ளை. செப்டெம்பரில் பள்ளி புதிதாகத் தொடங்கும். மே, ஜூனில் தரம் 3, 6 பிள்ளைகளுக்கு மாகாணப் பரீட்சை. ஆகவே உண்மையில் கிடைக்கும் மாதங்கள் சொற்பம், அதைக் கணக்கில் வைத்து ஒரு வருடம் முன்னமே விண்ணப்பத்தைத் தயாரியுங்கள். உங்கள் சொந்த வகுப்பையே ஆராய்வதென்றால் ஒப்புதலை நீங்களே வாங்கக் கூடாது. ஆசிரியரிடம் மாட்டேன் என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் தயக்கம் இருக்கும், எனவே அதை வேறொருவர் செய்யட்டும். தமிழ்ப் பெற்றோருக்கான கடிதத்தை அலுவலகத் தமிழில் எழுதாமல், ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டிப் புரிகிற தமிழில் எழுதுங்கள். பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையிடம் கேளுங்கள். "இண்டைக்கு வேண்டாம் டீச்சர்" என்றால் அன்று பதிவு கிடையாது. ஏழு வயதுப் பிள்ளையின் மறுப்பை மதிக்கத் தெரியாதவர் அந்தப் பிள்ளையின் எழுத்தைப் பற்றி எழுத உரிமையில்லாதவர் என்றே நான் நினைக்கிறேன்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தரமாகக்கூடிய உதவிப் பேராசிரியர் இடங்கள் குறைவு. பட்டம் முடித்த பலர் தவணைக்குத் தவணை ஒப்பந்தத்தில் படிப்பிக்கிறார்கள். அதனால் ஆசிரியர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் உறுப்புரிமையைக் கைவிடாதீர்கள், கல்விச்சபையில் சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று தொழிற்சங்கத்திடம் முதலிலேயே கேளுங்கள். படிக்கும் காலத்திலேயே ஒரு கட்டுரையாவது ஆய்விதழுக்குப் போகட்டும், ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் உதவியாளராக நில்லுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது ஆய்வு உரையோடு, தரம் 1 வாசிப்புக் கற்பித்தலுக்கு நீங்களே எழுதிய பாடத்திட்டம் ஒன்றையும் கொண்டுபோங்கள். என்னிடம் அதைத்தான் அதிக நேரம் கேட்டார்கள்.