தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம்

தாத்தா போய்விட்டார். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் போட இப்போது தெம்பில்லை.

அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். பாசம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதாக நினைவே இல்லை. ஆனால் பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு தினமும் காலையில் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுவார். விபத்து, சாவு என்று வந்தால் சத்தமில்லாமல் அடுத்த செய்திக்குத் தாவிவிடுவார். "என்ன, எதையோ முழுங்குறீங்க?" என்று பாட்டி கேட்பார். "விளம்பரம்" என்பார் தாத்தா. பாட்டியும் நம்பியதுபோல் இருந்துவிடுவார்.

வீட்டில் யாராவது வர நேரமானால் படுக்க மாட்டார். கேட்டால், தூக்கம் வரவில்லையாம். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்துவிடும்! கோபமும் உண்டு. அது பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பியதே இல்லை, அப்பாதான் பாவம்.

அப்புறம் ஒன்று. பழைய போட்டோக்களின் பின்னால் யார் யார் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். என் படத்தின் பின்னால் 'இது அழுகிற ரகம்' என்று இருக்கிறது. அத்தை, சித்தப்பா, உங்களிடம் உள்ள படங்களையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.