இடுப்பு மூட்டு மாற்று அறுவையும் அம்மாபேட்டைக் குழித்தறியும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் சேலத்தில் பலரும் முதலில் கேட்பது, "சின்னத் தழும்புதானே?" என்றுதான். மருத்துவமனை விளம்பரப் பலகைகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. அம்மாபேட்டையில் பட்டு நெய்யும் என் பெரியம்மாவுக்கு இந்த அறுவை நடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் என்ற முறையில், தழும்பைப் பற்றிய கவலையைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள் என்றே சொல்வேன்.

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழல்வதுதான் இந்த மூட்டு. இடையில் உள்ள குருத்தெலும்பு தேய்ந்தாலும், எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று அது நசிந்துபோனாலும், வலி தொடை இடுக்கில் தொடங்கி முழங்கால் வரை இறங்கக்கூடும். அதனாலேயே பெரியம்மா நெடுங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் நோய் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது.

இந்த அறுவைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் ஜான் சார்ன்லி. 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், சிறிய உலோகத் தலையும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை எலும்புச் சிமெண்டு வைத்துப் பொருத்தினார். அடிப்படை இன்றும் அதுவே. மாறியிருப்பது மூட்டை அடையும் வழியும், அதற்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்கும் விதமும்.

முன்பு 15 முதல் 20 சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேலாகத் தோலைக் கீறினார்கள். இப்போது பலருக்கு 8 முதல் 10 சென்டிமீட்டரில் முடிக்கிறார்கள். ஆனால் தோல் எப்படியும் ஆறிவிடும். நடையை முடிவு செய்வது அடியில் உள்ள தசை. பின்புற வழியில் செல்லும்போது பிட்டத் தசையைப் பிரித்து, தொடையைச் சுழற்றும் குட்டைத் தசைகளை எலும்பிலிருந்து விடுவித்து, பிறகு திரும்பத் தைக்க வேண்டும். முன்புற வழியிலோ, தொடையின் முன்பக்கத்தில் தசைகளுக்கு இடையே இயற்கையாகவே உள்ள இடைவெளியை விலக்கிக்கொண்டு, பெரும்பாலும் எதையும் வெட்டாமல் மூட்டை அடைகிறார்கள். இதனால் முதல் சில வாரங்களில் நடை சீக்கிரம் திரும்புகிறது என்பது உண்மைதான். சில மாதங்கள் கழிந்தால் இரு வழியினருக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. அதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. முன்புற வழியில் தோல் நரம்பு ஒன்று இழுபட்டு வெளித்தொடை மரத்துப்போகலாம். வயிறு தொங்கும் உடல்வாகு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம். எந்த வழி நல்லது என்று என்னைக் கேட்டால், உங்கள் மருத்துவர் வழக்கமாக எந்த வழியில் செய்கிறாரோ, எதில் அவருடைய கை பழகியிருக்கிறதோ, அதுவே நல்லது என்பேன்.

விரைவில் எழுந்து நடப்பதற்கான காரணங்களுள் பெரும்பகுதி கத்தியைச் சார்ந்ததே இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வது, மூட்டைச் சுற்றி வலி மருந்தை நேரடியாகச் செலுத்துவது, டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து இரத்த இழப்பைக் குறைப்பது, முடிந்தால் அன்றைக்கே எழுப்பி நிற்கவைப்பது ஆகிய எல்லாம் சேர்ந்துதான் பலனைத் தருகின்றன. இவற்றை ஒன்றாகக் கோக்கும் எண்ணத்தை 1990களில் வளர்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலட். பெரியம்மா மறுநாள் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்ததை வீட்டுக்கு வந்த பிறகும் வாய்விட்டுச் சொல்லியபடியே படியில் கால் வைப்பார்.

பொருத்தப்படும் பொருளைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. புதியது என்பதற்காகவே ஒன்று சிறந்ததாகிவிடாது. உலோகத்தோடு உலோகம் உரசும் வகையைச் சேர்ந்த ஏஎஸ்ஆர் மூட்டை டீப்யூ நிறுவனம் 2010இல் உலகெங்கும் திரும்பப் பெற நேர்ந்தது. மாறாக, 2019இல் லான்செட் ஆய்விதழில் வந்த கணக்கின்படி, இடுப்பு மூட்டு மாற்றுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே ஒப்புதல் பெற்றுவிட வேண்டும்.

எங்களை உண்மையில் திணறவைத்தது வீடுதான். பெரியம்மாவுக்குச் செய்தது பின்புற வழி. அந்த வழியில் செய்தவர்கள் முதல் சில வாரங்கள் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, பாதத்தை உள்நோக்கித் திருப்பிக் குனியக் கூடாது. மீறினால் மூட்டு நழுவிவிடக்கூடும். தரையில் அமர்ந்து உண்டு, குந்தி உட்கார்ந்து கழிப்பறை செல்லும் வீட்டில் இது சிறிய மாற்றமன்று. வெஸ்டர்ன் டாய்லெட்டும் உயரமான கட்டிலும் அறுவைக்கு முன்பே தயாராக இருந்தன. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு நெய்யும் குழித்தறி மட்டும் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. "எப்போது தறியில் உட்காரலாம்?" என்று பெரியம்மா கேட்டதும் மருத்துவர் நாற்காலியில் அமரும் வேலை என்று எண்ணித் தலையசைத்தார். நான் தறி ஓட்டும் காணொளியைக் கைப்பேசியில் காட்டினேன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதில் மருத்துவருக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. தரை மட்டத்தில் உட்கார்ந்து காலை உள்ளே இறக்குவதும், கையை ஊன்றி அங்கிருந்து எழுவதும்தான் ஆகாது என்றார். அந்த அசைவுகளை இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

இப்போதைக்குப் பெரியம்மா கை வைத்த நாற்காலியில் அமர்ந்து ராட்டையில் நெசவுக்கான நூலைத் தாராகச் சுற்றுகிறார். தறியில் மருமகள் உட்காருகிறாள். தரைக்கு மேலே உயர்த்தி அமைக்கும் தறிக்கு மாறலாமா என்று பெரியப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதன் இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் கேட்டு அளந்துகொள்ளப் போகிறோம்.