சாய்ந்து வந்த மாடலை நேராக்கியது

பாலக்காடு அருகே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் எங்களுடையது, உலோகப் பாகங்களை வெட்டிக் கடையும் சிறிய மெஷினிங் யூனிட். வாளையாறு தாண்டி கோயம்புத்தூரிலிருந்து வால்வு பாடி வேலைகள் வரும், கூடவே பாகத்தின் முப்பரிமாண மாடலான ஸ்டெப் கோப்பும். அண்மையில் வந்த ஒன்றை சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் திறந்தால், பாகம் ஆரிஜினை (மூன்று அச்சுகளும் சந்திக்கும் 0 புள்ளி) விட்டு எங்கோ தள்ளி, எந்த அச்சுக்கும் ஒட்டாமல் சாய்ந்து கிடந்தது. எல்லாப் பாகங்களும் சேர்ந்த அசெம்பிளி மாடலில் பொருத்தியிருந்த நிலையிலேயே சேமித்து அனுப்பிவிட்டார்கள்.

நேர் 90 டிகிரி புரட்டல் என்றால் கவலையில்லை. சாலிட்வொர்க்ஸில் வழக்கமாக ஒய் அச்சு மேல்நோக்கி இருக்கும், வி.எம்.சி. என்ற செங்குத்து மெஷினிங் இயந்திரத்தில் வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் இசட் அச்சில் நிற்கும். எக்ஸ் அச்சைச் சுற்றி ஒரு திருப்பு, முடிந்தது. இது அப்படியல்ல. பார்வைக்கு 7 டிகிரி, அளந்தால் 7.13. வெறும் 7 கொடுத்துத் திருப்பினால் மிஞ்சும் 0.13 டிகிரி, 300 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் சரிவு. போர் (உருளைத் துளை) குடையும் வேலையில் அதை யார் ஏற்பார்கள்?

“கோணத்தை விடு தம்பி. பிளாஞ்ச் முகம் மேலே பார்க்கட்டும், போர் மையம் சைபரில் இருக்கட்டும்” என்றார் வி.எம்.சி. ஓட்டும் அண்ணன். அவர் சொன்னதே சரியான வழி. பிளாஞ்ச் என்பது குழாயோடு இணையும் தட்டை விளிம்பு. அதன் முகத்தில் போரின் வட்ட விளிம்பைத் தொட்டு மையத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புதிய கோஆர்டினேட் சிஸ்டத்துக்கு (அச்சுகளின் தொகுப்பு) அதுவே ஆரிஜின். இசட் அச்சுக்குப் பிளாஞ்ச் முகம், எக்ஸ் அச்சுக்குப் பக்கவாட்டு முகம். இசட் அம்புக்குறி பாகத்தின் உள்நோக்கி இருந்ததால் திசையை மாற்றினேன். பிறகு ஸ்டெப்பாகச் சேமிக்கும்போது, ஆப்ஷன்ஸில் வெளியீட்டு அச்சாக இந்தப் புதிய சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். கோணம் எதையும் தட்டச்சு செய்யவே தேவைப்படவில்லை.

திசை மாறித் தெரிகிறதே என்று மிரர் கட்டளையைத் தொடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இடப்பக்க போர்ட் (திரவம் போகும் வாய்) வலப்பக்கம் போய்விடும். பாகம் சமச்சீராகத் தெரிந்தால் வார்ப்பை மேஜையில் ஏற்றும்வரை ஒருவருக்கும் தெரியாது.

சேமித்த கோப்பைப் புதிதாகத் திறந்து அளந்தேன். போர் மையம் மூன்று அச்சிலும் 0, பிளாஞ்ச் முகம் முழுவதும் இசட் 0. வரைபடத்தோடு போர்ட் இருக்கும் பக்கத்தையும் ஒப்பிட்ட பிறகே, இயந்திரத்துக்கான வெட்டு நிரலைத் தயாரிக்கும் கேம் (CAM) மென்பொருளுக்கு அனுப்பினேன். மூலக் கோப்பைத் தொடவில்லை. திருத்தப்பட்ட மாடல் வந்தால் அதுவும் பழைய சாய்விலேயே வரும், ஒப்பிட மூலம் வேண்டும்.

கோயம்புத்தூர் டிசைனரிடம் போனில் பேசி, அசெம்பிளிக்குள்ளிருந்து சேமிக்காமல் பாகத்தைத் தனியாகத் திறந்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அடுத்த பாகத்திலிருந்து அப்படியே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.