ஐந்தாவது வரி

ஒன்பது வருடம் வெளிநாட்டில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி, இங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஊர் தெரியும், மொழி தெரியும், வேலை தெரியும். இனிப் பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வெளிநாடு போனபோது முதல் சில மாதங்கள் எதுவும் பிடிபடாது என்று மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். திரும்பும்போது அந்தத் தயாரிப்பு எதுவும் இல்லை.

வெளிநாடு போகிறவர்களின் மனநிலை உற்சாகத்தில் தொடங்கி, சரிந்து, மறுபடி மேலே ஏறும். ஆங்கில ‘யூ’ எழுத்து மாதிரி என்பார்கள். 1963-ல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர்கள், ஊர் திரும்பும்போது அதே சரிவு இன்னொரு முறை வரும் என்று எழுதி, ‘யூ’வை ‘டபிள்யூ’ ஆக்கினார்கள். நான் அந்த இரண்டாவது பள்ளத்தில் இருந்த நாட்களில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த வார்டில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் என் வாயில்தான் இருந்தது. “அங்கெல்லாம் இப்படிச் செய்ய மாட்டோம்.” ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னேனோ! ஒரு நாள் டூட்டி முடிந்து கிளம்பும்போது ஜூனியர் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அக்கா, நீங்க ‘அங்கே’ன்னு ஆரம்பிச்சாலே, நாங்க இத்தனை நாள் செஞ்சதெல்லாம் தப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு.” அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். அவசரத்தில் ஏதாவது விட்டுப்போகும். நான் பழகியது ‘எஸ்பார்’ முறை. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரிகள். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. இன்சார்ஜிடம் அனுமதி வாங்கி, ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். எல்லோரும் நிரப்பினார்கள். யாரும் படிக்கவில்லை.

வார்டில் இருபது வருடமாக இருக்கிற ஒரு சீனியர் அக்கா அந்தத் தாளைத் தொடவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு நைட் டூட்டியில்தான் அது மாறியது.

அன்று காலை வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒருவர். இரவு பத்து மணிக்கு நான் பார்த்தபோது நாடி 86, பி.பி. 118/76. தாளில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பதினொன்றரைக்கு அந்த அக்கா அவர் கட்டிலைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பி வந்தார். நோயாளியின் உள்ளங்கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துப் பார்த்தார். “சாயங்காலம் போறவர்றவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டிருந்தவர். இப்போ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே பேசாம இருக்கார். கையும் சில்லுன்னு இருக்கு. இங்க வா.”

நாடி 112. பி.பி. 114/78, கிட்டத்தட்ட பழையபடியே. உள்ளே ரத்தம் கசியும்போது உடம்பு பெரும்பாலும் முதலில் நாடியைக் கூட்டித்தான் சமாளிக்கும், பி.பி. பிறகுதான் இறங்கும். பாடத்தில் படித்ததுதான், இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் என் தாள் பத்து மணியிலேயே நின்றுவிட்டிருந்தது. அவர் கண்கள் நிற்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டார். “ஆள் சரியில்ல சார், ஒரு மாதிரியா இருக்கார்.” பி.பி. எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். சொன்னதும், கவனித்துக்கொள்ளுங்கள், காலையில் பார்க்கலாம் என்றார். அக்கா போனை என்னிடம் நீட்டினார். நான் நான்கு வரிகளில் சொன்னேன்: ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு மணி நேரம், நாடி 86-லிருந்து 112, கை குளிர்ந்திருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது, உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோம், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அன்று இரவே அந்த நோயாளியை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

விடியற்காலையில் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என் தாளை முதல் முறையாகக் கையில் எடுத்தார். முழுதும் படித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பார்த்ததை இதுல எங்க எழுதுறது?”

எனக்குப் பதில் வரவில்லை. பேனாவை அவரிடமே கொடுத்தேன். நான்காவது வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ‘கண்ணில் பட்டது’ என்று எழுதினார்.

இப்போது எங்கள் வார்டில் அந்தத் தாளுக்கு ஐந்து வரிகள். டூட்டிக்கு வந்ததும் எல்லோரும் முதலில் படிப்பது கடைசி வரியைத்தான். நேற்றிரவு அந்த ஜூனியர் பெண் ஒரு கட்டிலுக்கு எழுதியிருந்தாள்: “கை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜன்னலைத் திறக்கச் சொல்லி என்னிடம் சண்டை போட்டார்.”