பெரியபட்டினத்துக் கடற்கரையில் ஒரு பந்தயப் பெட்டை

விடியற்காலையில் இராமநாதபுரத்தில் ஆட்டோ பிடித்தபோது, பெரியபட்டினத்துக்கு 700 ரூபாய் என்றார் ஓட்டுநர். பேருந்துக்குக் காத்திருந்தால் குதிரையின் காலை ஓட்டம் முடிந்துவிடும் என்பதால் ஒப்புக்கொண்டேன். என் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு அது, நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பனையோலைக் கொட்டகையில் மூன்றே குதிரைகள் கொண்ட லாயத்தைக் கண்டதும் அந்தக் கோபத்தை மறந்தேன். கடைசியில் நின்றவள்தான் சென்னை கிண்டிப் பந்தயத் திடலில் ஓடிய, தரோபிரெட் என்ற பந்தய இனப் பெட்டை. அவளைப் பராமரிக்கும் பாய், சென்னை லாயங்களில் நெடுங்காலம் குதிரைக்காரராக இருந்தவர்.

இந்தியப் பந்தயக் கணக்கில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1-ஆம் தேதியே வயது கூடுகிறது. இவள் பிறந்ததோ மே மாதம். ஆகவே ஜனவரியில் பிறந்த, நான்கு மாதம் மூத்த குதிரைகளோடு ஒரே வயதுக்காரியாக ஓட வேண்டியிருந்தது. முதல் மூன்று ஓட்டங்களிலும் கடைசிக் கூட்டத்தில்தான் வந்தாள். நான்காவது, 1,200 மீட்டர் ஓட்டத்தில், கடைசி வளைவு வரை பின்தங்கியிருந்துவிட்டு அரை லென்த்தில், அதாவது பாதிக் குதிரை நீளத்தில், வென்றாளாம். “தம்பி, அன்னைக்கு ராத்திரி கொள்ளைத் தொடவே இல்ல, தண்ணியா குடிச்சா” என்று சொல்லும்போது பாயின் கண் கலங்கியது.

ஐந்தாவது ஓட்டத்தில் இடது முன்காலின் தசைநார் வீங்கிவிட்டது. பெரிய லாயமாக இருந்திருந்தால் பல மாதம் ஓய்வு கொடுத்திருப்பார்கள்; சிறிய லாயத்தில் தீவனச் செலவு, நுழைவுக் கட்டணம், ஜாக்கிக் கூலி எல்லாம் பந்தயப் பணத்திலிருந்தே வர வேண்டும் என்பதால் அதே காலோடு ஆறாவது முறையும் இறக்கினார்கள். இறக்கியிருக்கவே கூடாது. முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். நல்ல காலில் கயிறு போல விறைத்து நிற்கும் நார், அந்தக் காலில் முடிச்சு விழுந்தது போல் புடைத்திருந்தது. அதோடு அவளது பந்தய வாழ்வு முடிந்தது. அடிமாட்டு விலைக்குப் போகவிருந்தவளைப் பாய் தம் சேமிப்பைக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழி இறங்கின என்றும், லாடம் அடிக்கவும் பேணவும் தெரிந்தவர் இல்லாததால் பெரும்பாலானவை மடிந்தன என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் குதிரை வணிகர்கள் லாடக்காரர்களை இங்கே வரவே விடவில்லையாம். அதைப் படித்திருந்த எனக்கு, கொட்டகைத் தூணில் தொங்கிய லாடத்தைக் கையில் எடுத்தபோது உடல் சிலிர்த்தது. அவள் வென்ற அன்று அணிந்திருந்த அலுமினிய லாடம். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. இப்போது இரும்பு லாடம் அணிந்திருக்கிறாள். மாதந்தோறும் ஆள் வரவழைத்துப் பாய் மாற்றுகிறார்.

சீமைக் கருவேல முள் கிடக்கிறதா என்று மணலைக் கண்ணால் துழாவியபடி அவர் முன்னே நடக்க, அவள் மன்னார் வளைகுடாவின் அலையற்ற நீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்றாள். உப்புத் தண்ணீரின் குளிர்ச்சி வீக்கத்தை அடக்குமாம். பிறகு மற்ற இரண்டு குதிரைகளும் அவளைக் கடந்து போக முயன்றன. காதைப் பின்னுக்கு மடித்து, கழுத்தை நீட்டி, ஒரு தலை முன்னே சென்றாள். பாய் எவ்வளவு இழுத்துப் பிடித்தும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.