பார்ப்பம் ஐயா

"தம்பி, நீங்கள் எழுதினதை நான் கண்டனான் தானே?"

அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவருடைய காணி அனுமதிப்பத்திரத்தில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்துச் சொல்வதாக, அவர் முன்னாலேயே டயறியில் குறித்தேன். அது மார்கழி மழை. அவர் கேட்டது பங்குனியில். எழுதியது உண்மை. அந்தப் பக்கத்தைப் பிறகு திருப்பிப் பார்க்காததும் உண்மை.

வன்னியில் வெளிக்கள வேலை செய்பவருக்கு இது புதிதல்ல. மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் நாலு பேர் வருவார்கள். ஒருவருக்கு வாய்க்கால், ஒருவருக்கு யானை வேலி. "பார்ப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். எமக்கு அது விடைபெறும் பேச்சு, அவருக்கு அது வாக்கு.

அதன் பிறகுதான் டேவிட் அலன் என்ற அமெரிக்கர் 2001இல் நூலாக எழுதிய ஜி.டி.டி. (Getting Things Done) என்ற வேலை ஒழுங்கு முறையைக் கையில் எடுத்தேன். மனதில் கிடப்பதையெல்லாம் எழுத்தில் இறக்கு, ஒவ்வொன்றுக்கும் அடுத்த செயல் என்னவென்று முடிவெடு, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பார். 2 நிமிடத்தில் முடிவதை உடனே செய் என்றும் சொல்கிறார். அது எனக்குச் சரிவரவில்லை. 2 நிமிட வேலை என்று தொலைபேசியை எடுத்தால், மறுபக்கம் "சேர் கூட்டத்தில்" என்பார்கள்.

வேலைகளைத் தொலைபேசி, கணினி, கந்தோர் என்று அவர் பிரிக்கச் சொன்னதை நான் வீதிகளாக மாற்றிக்கொண்டேன். சி.ஆர். கொப்பியில் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியான ஏ-34க்கு ஒரு பக்கம், பரந்தன்–முல்லைத்தீவு வீதியான ஏ-35க்கு ஒரு பக்கம். ஒட்டுசுட்டானுக்குப் போகும் நாளில் அப்படியே முள்ளியவளை வேலையும் முடியும். புதுக்குடியிருப்பு வேறு பக்கம், வேறு நாள். பெற்றோல் செலவும் குறைந்தது.

திகதிதான் பெரிய சிக்கல். எங்கள் ஆட்கள் 15ஆம் திகதி என்று சொல்வதில்லை. "அருவி வெட்டு (நெல் அறுவடை) முடியட்டும்", "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம்" என்பார்கள். டயறியில் இதற்கு எங்கே கட்டம் இருக்கிறது? முன்பு நானே ஒரு திகதியை ஊகித்துப் போடுவேன், அது பிழைக்கும். இப்போது அவர்கள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன். கொப்பியின் பின்பக்கத்தில் 'மழைக்கு முன்', 'அருவி வெட்டுக்குப் பின்', 'பொங்கலுக்கு முன்' என்று மூன்று தலைப்புகள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில்; அது நெருங்க, கடைசித் தலைப்பைத் தினமும் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கந்தோர் அடங்கியதும், ஒரு பிளேன்ரீயோடு அரை மணித்தியாலம் கொப்பியைப் புரட்டுகிறேன். இரண்டு கிழமை தவறினால் கொப்பியும் பழைய டயறிதான்.

அந்த அம்மாவின் பெயர் திருத்தம் மேலிடத்துக்குப் போய்விட்டது. மற்றவர்களின் பதிலுக்காக நிற்பவற்றை எழுதும் 'காத்திருப்பவை' பக்கத்தில் அது முதலாவது. போன வெள்ளி அந்தப் பக்கத்தை எண்ணினேன், பதினொன்று. அதில் மூன்றுக்கு நான் யாருடைய பதிலுக்காகவும் காத்திருக்கவில்லை. அவர்கள்தான் எனக்காகக் காத்திருக்கிறார்கள். மூன்றையும் வெட்டி ஏ-34 பக்கத்தில் எழுதினேன்.