நரம்புக் குளிசை

“இது நித்திரைக் குளிசையோ டொக்டர்?”

“இல்லை அக்கா, நரம்புக் குளிசை.”

நடந்தது இவ்வளவுதான். கிளினிக் கொப்பியை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். பிறகு நடந்தவற்றையெல்லாம் எனக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் பலமுறை அடுக்கிப் பார்த்துவிட்டேன். ஆனால் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இரண்டு வரியில்தான்.

பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. வலிச் செய்தி போய்வருகிற நரம்புப் பாதையில் வேலை செய்கிற மருந்து. தாடை மூட்டு வலி மாதக்கணக்கில் ஊறிப்போனவர்களுக்குச் சின்ன அளவில் கொடுப்பது வழமை. அதே மருந்தை அளவு கூட்டி 75, 100 என்று கொடுத்தால் அது மனச்சோர்வுக்கான மருந்து. 1961இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே அதற்காகத்தான். இந்த இரண்டாவது பாதியை நான் சொல்லவில்லை. மறந்து விட்டதல்ல. நினைத்து விட்டது.

அவர் ஒரு தையல்காரர். அதை அவர் சொல்வதற்கு முன்னமே கண்டுபிடித்தேன். மேல் முன்பல்லின் நுனியில் ஒரு வெட்டு, அரிசிமணியின் முனை போகிற அளவு. இருபது வருடத்துக்கு மேல் நூலைக் கடித்து அறுத்த பல்லில்தான் அப்படி விழும். “தைக்கிறனீங்களோ?” என்று கேட்டேன். “சாத்திரமும் பாப்பியளோ?” என்று சிரித்தார். சிரிக்கும்போது வாய் இடப்பக்கம் இழுத்தது, உடனே கையைக் கொண்டுபோய்க் கொடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு கேள்வியால் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. (இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

வாயைத் திறக்கச் சொன்னேன். தன் மூன்று விரல்களை நிமிர்த்தி அடுக்கிப் பல்லிடுக்கில் வைக்க முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. அவருக்கு இரண்டு விரல் போகவே சரிக்க வேண்டியிருந்தது. அடிமட்டம் வைத்துப் பார்த்தால் 24 மில்லிமீற்றர். 40 அளவில் இருக்க வேண்டியது. காதுக்கு முன்னால் விரலை வைத்து, மெதுவாகத் திறந்து மூடச் சொன்னேன். விரலுக்குக் கீழே அந்த மூட்டு முதலில் உருள வேண்டும், பிறகு முன்னால் வழுக்க வேண்டும். வலப்பக்கம் இரண்டும் நடந்தது. இடப்பக்கம் உருண்டதோடு நின்றுவிட்டது.

“முந்தி டக், டக் எண்டு சத்தம் கேக்கும் டொக்டர். சாப்பிடேக்குள்ள பக்கத்தில இருக்கிற ஆளுக்கும் கேக்கும். இப்ப சத்தம் இல்லை. சத்தம் நிண்டோண்ண மாறீட்டுது எண்டு சந்தோசப்பட்டன். அதுக்குப் பிறகுதான் அலகு கட்டிப்போச்சு.”

எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. மூட்டுக்குள் இருக்கிற குருத்துத் தட்டு இடம் விலகினால் முதலில் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கும். அந்தச் சத்தம்தான் டக். ஒரு நாள் அது ஏறாமல் முன்னாலேயே கிடந்துவிட்டால் சத்தம் போய்விடும், வாயும் திறக்காது. வலியில்லாத டக்குக்கு வைத்தியமே தேவையில்லை என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருக்கலாம். தவறும் இல்லை, பெரும்பாலானோருக்கு அது டக்கோடு நின்றுவிடும்.

என்னிடம் வருவதற்கு முன் அவர் போகாத இடமில்லை. காதுக்குத்து என்று நல்லெண்ணெய் காய்ச்சி விட்டிருக்கிறார். காது வைத்தியரிடம் போய்க் காது நல்லாயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். 2019இல் ஓரிடத்தில் மேல் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள். சொத்தை இல்லையாம், ஆனால் வலி அங்கேதான் தெரிந்ததாம். தெரியும்தான். கன்னத்தில் இருக்கிற மெல்லும் தசை இறுகினால் அது பல்வலி மாதிரியே காட்டும். பல் போய்விட்டது, வலி போகவில்லை. பழைய கதைதான் இது. 1934இல் இந்த நோய்க்குத் தன் பெயர் விழும்படி எழுதிய கொஸ்ரன் என்ற அமெரிக்க வைத்தியரும் ஒரு காது வைத்தியர்தான். கடைவாய்ப்பல் இல்லாததால்தான் வலி வருகிறது என்று அவர் நினைத்தார். அந்த விளக்கம் பிறகு நிற்கவில்லை. 1980களில் அதே நாட்டில் மூட்டைத் திறந்து டெஃப்லான் தகடு வைத்தார்கள். தகடு தேய்ந்து எலும்பை அரித்ததால் திருப்பிக் கழற்ற வேண்டியும் வந்தது. அதனால்தான் கத்தியில் எனக்கு ஆர்வம் இல்லை, பல்லை ராவிக் கடியைச் சரிசெய்வதிலும் இல்லை. திருப்பி எடுக்க முடியாத எதையும் முதலில் செய்யாதே என்பதுதான் எங்களுக்குப் பேராதனையில் ஊட்டியது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆறு கிழமைக்குப் புழுக்கொடியலும் பனாட்டும் வேண்டாம். பாண் என்றால் தேத்தண்ணியில் தோய்த்து. கொட்டாவி வந்தால் நாடியில் கையைக் கொடுத்துத் தாங்குங்கோ. இரண்டு நேரம் சுடுதண்ணித் துணியால் ஒத்தணம். நூலைக் கடிக்க வேண்டாம், கத்தரிக்கோலை மெஷினிலேயே ஒரு நூலில் கட்டித் தொங்கவிடுங்கோ. உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல்லு முட்டக்கூடாது.

“பல்லு முட்டாமல் எப்பிடி இருக்கிறது?”

“சும்மா இருக்கேக்குள்ள ஒருத்தருக்கும் முட்டாது அக்கா. சாப்பிடேக்குள்ளயும் விழுங்கேக்குள்ளயும்தான் முட்டும்.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு நான் படிவத்தில் இருக்கிற கேள்வியைக் கேட்டேன். ஏதும் யோசினை இருக்கோ, வீட்டில ஏதும் பிரச்சினையோ.

“பிரச்சினை எண்டா எந்த வருசத்தில இருந்து சொல்ல?”

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெளியே வாங்கில் முப்பது பேராவது இருந்தார்கள். வன்னியில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் நீளம் தெரியும். எந்த வருடம் என்று ஒன்றைச் சொன்னால் அங்கிருந்து கேட்க வேண்டும். பல் வைத்தியரின் கதிரை அதற்கு ஏற்ற இடமில்லை, நோயாளி மல்லாக்கப் படுத்திருக்கிற கதிரை அது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நிமிடம் கதிரையை நிமிர்த்தி இருத்தியிருக்கலாம் என்றும் சொல்லிக்கொள்வேன்.

இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொண்டு படுக்கிற பிளேட்டுக்கு யாழ்ப்பாணத்துக்கு எழுதினேன். அது 2022 ஜூலை. பெற்றோலுக்கு லைன், டீசல் இல்லாமல் பஸ் பாதி. அவருக்கு ஏ9 வீதிக்கு வரவே ஒரு பஸ், பிறகு யாழ்ப்பாணத்துக்கு இன்னொன்று. அச்செடுக்க ஒருதரம், பிளேட் வாங்க ஒருதரம், சரிபார்க்க ஒருதரம். ஒரு நாள் போனால் அந்த நாள் தையல் கூலி போச்சு. அதுவரைக்கும் வலிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். வழமையான வலிக்குளிசைகளை வயிறு எரிய எரியப் போட்டுக்கொண்டிருந்தார். இரவில் நித்திரையும் இல்லை. ஆக, அமிட்ரிப்டிலின். ஆஸ்பத்திரியில் அப்போது இருக்கவில்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதினேன்.

அங்கேதான் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும்.

ஏன் மறைத்தேன்? எங்கள் ஊர்களில் விசர் என்ற சொல் எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியும். மனநலக் கிளினிக் நாளில் அந்தப் பக்கத்து வாசலால் போகாமல் சுற்றிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னவர் இவர். முழுதையும் சொன்னால் குளிசையைப் போடமாட்டார், போடாவிட்டால் வலி குறையாது. நோயாளிக்கு நல்லது எதுவோ அதைச் செய்தேன். இது ஒரு வாதம். இன்னொன்றும் உண்டு. முழுதையும் சொல்வதற்குப் பத்து நிமிடம் வேண்டும், நரம்புக் குளிசை என்று சொல்ல ஒரு செக்கன் போதும். இரண்டில் எது உண்மையான காரணம் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது.

நாலாம் கிழமை வந்தபோது அடிமட்டம் 33 காட்டியது. விடிய வாய் காய்ந்து கிடக்கிறது, காலமை கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்றார். இந்தக் குளிசையின் குணம் அது. ஆனால் நித்திரை வருகிறதாம். “கனகாலத்துக்குப் பிறகு கோழி கூவினதைக் கேட்டு எழும்பினன்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். குளிசையில் நம்பிக்கை வந்துவிட்டது, வாய் திறக்கிறது, இனி என்ன பயம்? சொல்லவில்லை. நன்றாகப் போகிற தையலை எதற்குப் பிரிப்பான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை கிளினிக் நாளில்லாத நாளில் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பதினொரு குளிசை மிச்சம். பார்மசியில் நின்ற பொடியன், துண்டைப் பார்த்துவிட்டு, கடை நிறைய ஆட்கள் நிற்க, “மனநோய்க் கிளினிக்குக்கோ அக்கா போறனீங்கள்?” என்று கேட்டிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டான். அவனுக்கு அந்தக் குளிசையை அப்படித்தான் தெரியும்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆயத்தமாக எல்லாம் இருந்தது. அளவு வேறு, நோக்கம் வேறு, ஒரே கத்தியால்தான் மீனும் வெட்டுகிறோம், மரக்கறியும் வெட்டுகிறோம்.

“விசருக்கெண்டா விசருக்கெண்டு சொல்லியிருக்கலாமே டொக்டர்,” என்றார். “நான் குடிச்சிருப்பன்.”

போய்விட்டார். அதன்பின் என்னிடம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பிளேட் எடுத்தாரா என்று கொப்பியில் பார்க்க முடியாது, கொப்பி அவரிடம்.

உண்மையில் குடித்திருப்பாரா? பார்மசியில் பட்ட அவமானத்துக்குப் பிறகு சொன்ன சொல் அது. முதல் நாளே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. சில இரவுகளில் இப்படி நினைத்து ஆறுதல் அடைவேன். ஆனால் அவர் எனக்கு விசரில்லை என்று சொல்லவில்லையே. அந்தச் சொல்லுக்கு அவர் பயந்ததாக எனக்குப் படவில்லை. பயந்தது நான்தான். எந்த வருடத்திலிருந்து சொல்ல என்று கேட்டவருக்கு மனச்சோர்வு இருந்ததா இல்லையா என்று நான் பார்க்கவும் இல்லை. ஒருவேளை அந்த மருந்து அவருக்கு முழு அளவில் தேவைப்பட்டிருக்கலாம், தேவைப்படாமலும் இருந்திருக்கலாம்.

அதன்பின் நான் எல்லோருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறேன். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற குளிசை, உங்களுக்குச் சின்ன அளவில் வலிக்காகத் தருகிறேன், பார்மசியில் யாரும் கேட்டால் குழம்ப வேண்டாம். பொறுமையாகச் சொல்கிறேன், கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு. சரி, என்ன நடந்தது? இரண்டு பேர் துண்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் இன்னமும் ஒவ்வொரு மாதமும் வலி என்று வருகிறார், 28ஐத் தாண்டவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் நரம்புக் குளிசை என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வரும்.

2023 டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரித்தானிய மருத்துவ இதழில் இந்த வலிக்கு ஒரு சர்வதேச வழிகாட்டி வந்தது. எண்ணத்தையும் நடத்தையையும் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை, ஆள் பக்கத்தில் நின்று பழக்குகிற தாடைப் பயிற்சி, நோயை விளக்கிச் சொல்லித் தைரியம் கொடுப்பது இவையெல்லாம் முன்னுக்கு நின்றன. கழற்றி மாட்டுகிற பிளேட்டைப் பெரும்பாலானோருக்கு வேண்டாம் என்ற பக்கத்தில் போட்டிருந்தார்கள். எந்த பிளேட்டுக்காக மூன்று தரம் பஸ் ஏறச் சொன்னேனோ அதை. வாசித்துக்கொண்டிருந்தபோது என் கொடுப்பு நொந்தது. பார்த்தால் பல்லோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

போன தைப்பொங்கலுக்கு முன் ஒரு சாறிச் சட்டை தைக்க வேண்டியிருந்தது. நர்ஸ்மார் எல்லோரும் அவரிடம்தான் கொடுப்பார்கள். வேறு தையற்கடை தேடி இரண்டு நாள் கடத்திவிட்டு அவரிடமே போனேன். உள்ளே நாலு பெண்கள் துணியோடு இருந்தார்கள். “வாங்கோ டொக்டர்” என்று எழும்பி அளவெடுத்தார். கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு இறக்கம். மெஷின் கழுத்தில் கத்தரிக்கோல் ஒரு சிவப்பு நூலில் தொங்கியது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று கேட்க நினைத்தேன். நாலு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை.

காசை நீட்டினேன். வாங்கவில்லை.

“இப்ப வேண்டாம். போட்டுப் பாத்திட்டு, சரியெண்டாத் தாங்கோ.”